மூன்று படகுக்கு ஒரே நங்கூரம்

பல்லக்காவின் கைகள் மெழுகில் இருந்தன. சுண்ணாம்பில் வார்த்த மேல்தாடை அச்சு மேஜையில் உட்கார்ந்திருந்தது. ஸ்பிரிட் விளக்கில் சூடுகாட்டிய சின்னக் கரண்டியால் இளஞ்சிவப்பு மெழுகை இளக்கி, பற்களை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலளவு இடைவெளி விட்டாள். அந்தப் பல்செட்டுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். சிரித்தால் பழைய சந்து தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியில் வேறு யாரோ சிரிப்பதுபோல இருக்கும் என்று சொல்லியிருந்தார். நியாயமான ஆசைதான்.

வேலை செய்யும்போது அவளுடைய வலது முழங்கை விலாவோடு ஒட்டியே இருந்தது. பார்ப்பவர்கள் அதைக் கைநேர்த்தி என்று நினைப்பார்கள். உண்மையில், முழங்கை விலாவை விட்டு ஒரு சாண் விலகினால் தோளுக்குள் யாரோ திருகாணியை முறுக்குவதுபோல வலித்தது. மேல் தட்டில் இருந்த சுண்ணாம்பு டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் கீழ்த்தட்டுக்கு இறங்கியிருந்தன. கதவுக்குப் பின்னால் உயரத்தில் தொங்கிய மேலங்கி நாற்காலி முதுகுக்கு வந்திருந்தது. தோள் இறுகிப்போவது ஒரே நாளில் நடப்பதில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாக இடத்தைச் சுருக்கும். ஆளும் அந்தச் சுருங்கிய இடத்துக்குள் குடித்தனம் பண்ணப் பழகிவிடுவார்.

பல் மருத்துவமனையின் பின்கட்டில் பல்செட் செய்தே அவள் இளமை போயிற்று. பிறகு வீட்டின் பின்னறையையே பட்டறையாக்கிக்கொண்டாள். ஊரில் பாதிப்பேர் அவள் செய்த பல்லால்தான் மென்றார்கள். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் அவள் பல்லக்கா.

கடல் அவளுக்கு ஐம்பதுக்கு மேல் வாய்த்தது. பள்ளி வேன் ஓட்டும் ஒருத்தி முன்பல் உடைந்து பட்டறைக்கு வந்தாள். நாலு தெருவுக்குக் கேட்கும் குரல், அதனால் அவளுக்கு ஹாரன் என்று பெயர். பல் எப்படி உடைந்தது என்று கேட்டதற்கு, கயாக்கிலிருந்து இறங்கும்போது வழுக்கித் துடுப்பில் முகத்தைக் கொடுத்ததாகச் சொன்னாள். கயாக் என்றால் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்பு போடும் பிளாஸ்டிக் படகு, அதில் போய் மீன் பிடிக்கலாம் என்று விளக்கினாள். பல் பொருந்தியதும், "வாக்கா, ஒரு நாள் உக்காந்து பாரு. பிடிக்கலேன்னா என்னைத் திட்டு," என்றாள். பல்லக்கா திட்டவில்லை. அந்த மாதமே மஞ்சள் நிறத்தில் ஒரு கயாக் வாங்கிவிட்டாள். நாளெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்த்துக் குனிந்திருக்கும் கண்ணுக்கு, கடலின் அந்தக் கடைசிக் கோடு தேவைப்பட்டது.

மூன்றாவதாகச் சேர்ந்தவன் மருந்துக்கடைக்காரன். வெளுப்பு, ஒல்லி, எப்போதும் வெள்ளைச் சட்டை. அவனை மாத்திரை என்று அழைத்தார்கள். வானிலை பார்ப்பது அவன் பொறுப்பு. ஹாரனின் பொறுப்பு, வேன் கூரையில் படகுகளைக் கட்டிக் கொண்டுவருவது. பல்லக்காவுக்கு இரையும் கத்தியும். சுண்ணாம்பு அச்சைச் செதுக்கும் குட்டைக் கத்திகளில் ஒன்று எப்போதும் அவள் லைஃப் ஜாக்கெட் பையில் இருக்கும், இறால் நறுக்க.

பல்லக்காவின் வீட்டுக்காரர் தண்ணீரில் கால் வைக்காத மனிதர். லிஃப்ட் மெக்கானிக்காக வாழ்நாளெல்லாம் உயரத்தில் தொங்கியவர், கணுக்கால் அளவு அலை வந்தாலே நாலடி பின்வாங்குவார். ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கரைக்கு வருவார். மடக்கு நாற்காலி, துண்டுகள், பிளாஸ்க், தொலைநோக்கி எல்லாம் அவரோடு வரும். கயிறுகளை விரல்விட்டுத் தடவிப் பார்த்து, "ம், போகலாம்," என்று சொன்ன பிறகுதான் மூவரும் கிளம்ப முடியும்.

அவர் ஒப்புக்கொள்ளாத விஷயம் ஒன்றுதான். முதலில் மூவருக்கும் தனித்தனி நங்கூரம் இருந்தது. நீரோட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் போய்விட, பேச முடியவில்லை. பேசாமல் மீன் பிடிப்பது ஹாரனால் ஆகாத காரியம். அவள் கத்திப் பேசினால் மீன் ஓடியது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பல்லக்காவின் படகிலிருந்து நங்கூரம் இறங்கும், மற்ற இரண்டும் அவள் படகின் இருபுறமும் கொக்கி போட்டுக்கொள்ளும். கொறிப்பதற்கு நடுவில் ஒரே டப்பா.

வீட்டுக்காரருக்கு அது மனசே ஆகவில்லை. "மூணு லிஃப்ட்டை ஒரே கயித்துல யாராவது தொங்கவிடுவாங்களா?"

"இது லிஃப்ட் இல்ல மாமா, ஊர்ப்பேச்சு," என்றாள் ஹாரன்.

"ஊர்ப்பேச்சுதான் முதல்ல அறுந்து விழும்."

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

படகு வாங்கிய புதிதில் அவருக்கும் பல்லக்காவுக்கும் ஒரு ஒப்பந்தம் ஆகியிருந்தது. அவளேதான் வாயைக் கொடுத்தாள். "தோ பாருங்க, போறதும் வர்றதும் என் கையாலதான். என்னைக்கு என்னை ஒருத்தர் கயித்துல கட்டி இழுத்துட்டு வர்றாங்களோ, அன்னைக்குப் படகை வித்துடுறேன்."

"சொன்ன சொல்லு மாறக்கூடாது."

"நான் என்ன உங்க கம்பெனியா, மாத்தி மாத்திப் பேச?"

அப்போது தோள் நன்றாக இருந்தது. இப்போது அந்த வார்த்தை அவள் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. தோளைப் பற்றிச் சொன்னால் டாக்டர், டாக்டர் என்றால் ஓய்வு, ஓய்வு என்றால் படகு போய்விடும். ஆகவே வலித்தைலத்தை மாத்திரையின் கடையில் வாங்காமல், பஸ் பிடித்துப் போய் ரயில் நிலையத்துப் பக்கக் கடையில் வாங்கினாள். வீட்டில் வாடை வந்தபோது, பட்டறையில் புது ரசாயனம் வந்திருப்பதாகச் சொன்னாள். தலைவாரிக்கொள்ள இடக்கை. துடுப்புப் போடும்போது முழங்கையை ஒட்டிவைத்து, இடுப்பைத் திருப்பித் தள்ளினாள். அமைதியான நீரில் அது போதுமானதாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை, காற்று மாலையில்தான் வரும் என்று மாத்திரை சொல்லியிருந்தான். கடலும் தட்டில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடந்தது. துறைமுகக் கல்தடுப்பைத் தாண்டி, பாறை நிறைந்த இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டார்கள். ஹாரன் தன் வேனில் ஒரு பள்ளிப் பையன் ஆமையைக் கொண்டுவந்த கதையை ஆரம்பித்தாள். பல்லக்காவின் தூண்டிலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாறை மீன் மாட்டியது.

"இதுக்கும் பல்லு கட்டிவிடுவியாக்கா? முன்னாடி ஒண்ணு கோணலா இருக்கு," என்றாள் ஹாரன்.

"உன் பல்லை முதல்ல ஒழுங்கா தேய். நான் செஞ்சு குடுத்த மாதிரியா இருக்கு அது?"

மாத்திரைதான் முதலில் நிமிர்ந்தான். "அக்கா, அங்க பாருங்க."

கடலின் கடைசிக் கோடு காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் சாம்பல் நிறச் சுவர் ஒன்று நின்றது. சுவருக்கு முன்னால் தண்ணீர் கறுத்து, சிலிர்த்து, அவர்களை நோக்கி ஓடிவந்தது. தூண்டிலைச் சுருட்டுவதற்குள் காற்று அடித்துவிட்டது. மழை பக்கவாட்டில் பெய்தது. மூன்று படகுகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சாப்பாட்டு டப்பா மூடியோடு பறந்தது.

"கழட்டு! கழட்டிட்டுக் கிளம்பு!" என்று பல்லக்கா கத்தினாள்.

மாத்திரை தன் கொக்கியை எடுத்துவிட்டான். காற்று அவனைப் பிடித்துத் தள்ளியது. ஹாரனின் கொக்கி இறுகிவிட்டது. இரண்டு படகின் பாரமும் ஒரே கயிற்றில் விழுந்ததில், நங்கூரம் பாறை இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு அசைய மறுத்தது. ஒவ்வொரு அலைக்கும் பல்லக்காவின் படகு மூக்கை நீருக்குள் நுழைத்தது. மடியில் தண்ணீர் நிறைந்தது. மூணு லிஃப்ட், ஒரே கயிறு என்று வீட்டுக்காரரின் குரல் அந்த நேரம் பார்த்துக் காதில் கேட்டது. அவளுக்கு எரிச்சலாக வந்தது.

இடக்கையால் கத்தியை உருவி, முன்பக்கம் சாய்ந்து, நங்கூரக் கயிற்றை அறுத்தாள். சுண்ணாம்பு செதுக்கிய கத்தி நைலானைத் தயிர்போல அறுத்தது. கயிறு துள்ளிப்போன வேகத்தில் படகுகள் பக்கவாட்டில் திரும்பின. கொக்கி தானாகத் தெறித்தது. அடுத்த அலையில் ஹாரன் கவிழ்ந்தாள்.

லைஃப் ஜாக்கெட் அவளை மேலே தூக்கியது. வாய் திறந்தபடியே வந்தாள்.

"வாயை மூடு! பேச்சு அப்புறம்! படகைப் பிடி!"

ஹாரன் படகைப் பிடித்து, திமிறிப் புரட்டி நிமிர்த்தினாள். பலத்துக்கு அவளிடம் குறைவில்லை. ஏறுவதுதான் சிக்கல், படகு உருண்டுகொண்டே இருந்தது. பல்லக்கா தன் படகை அதோடு ஒட்டிக்கொண்டுபோய், மார்பை அதன்மேல் சாய்த்து, இடக்கையால் அணைத்துக்கொண்டாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் புரட்டிவிடும்போது செய்வது போலத்தான். அங்கே கைப்பலத்தைவிட உடம்பின் பாரம் உதவும்.

"காலை உதை! மீன் மாதிரி உதைச்சு வயித்தால ஏறு! ம், இன்னொரு தரம்!"

ஏறிவிட்டாள். குப்புறக் கிடந்து இருமிவிட்டு, நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, துடுப்பைக் காணோம்."

துடுப்பு அலைமேல் குதித்துக் குதித்துப் போய்க்கொண்டிருந்தது. காற்று அவர்கள் இருவரையும் கல்தடுப்பின் பக்கம் தள்ளியது. கற்களில் அலை மோதி வெடிப்பது காதில் விழுந்தது. கற்களின் முனையைத் தாண்டிவிட்டால் உள்ளே அமைதியான நீர். பல்லக்கா தன் துடுப்பை எடுத்தாள். ஒரு முறை இழுத்தாள். இரண்டாம் முறை வலக்கை வரவில்லை. பல்லைக் கடித்து மறுபடி முயன்றாள். கை விலாவிலேயே ஒட்டிக்கொண்டு, சொன்ன பேச்சுக் கேட்காத மாடுபோல நின்றுவிட்டது. இடுப்பைத் திருப்பும் வித்தை இந்த அலையில் செல்லவில்லை.

அவள் யோசித்த நேரம் ஒரு அலையின் நேரம்தான். தன்னிடம் துடுப்பு இருக்கிறது, கை இல்லை. ஹாரனிடம் கை இருக்கிறது, துடுப்பு இல்லை.

"இந்தா, பிடி. நீ போடு. நான் உன் படகைப் பிடிச்சுக்கறேன்."

"அப்போ நீ?"

"கேள்வி கேக்காம போடுடி!"

ஹாரன் போட்டாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டால் வேனை எப்படி ஓட்டுவாளோ அப்படிப் போட்டாள். பல்லக்கா ஹாரனின் படகுக் கைப்பிடியை இடக்கையால் இறுகப் பற்றிக்கொண்டு, காலை நீட்டி, மூட்டையைப்போல இழுபட்டாள். கற்கள் மிக அருகில் வந்து, மெல்லப் பின்னால் போயின. பிறகு அலை தணிந்தது.

மாத்திரை முன்பே கரை சேர்ந்து விசில் ஊதிக்கொண்டு நின்றான். அவனுக்கு முன்னால், முழங்கால் தண்ணீரில், ஷூவைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்காரர் நின்றார். தொலைநோக்கி கழுத்தில் தொங்கியது. உதடு மட்டும் அசைந்தது, படகுகளை எண்ணிக்கொண்டிருந்திருப்பார் போல. இருவரையும் கரையில் ஏற்றிய பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று குனிந்து பார்த்து, அவசரமாக வெளியே வந்தார்.

நனைந்து விறைத்தவர்களைச் சூடுபறக்கத் தேய்க்கக் கூடாது. ஈர உடுப்பைக் களைந்து, உலர்ந்த துணியால் சுற்றி, தலையை மூடி, இனிப்பாகச் சூடாக எதையாவது மெதுவாகக் குடிக்கவைக்க வேண்டும். அவர் அதையெல்லாம் ஒழுங்காகவே செய்தார். வேனில் ஹீட்டரைப் போட்டுவிட்டு, குட்டிக்குட்டிப் பள்ளி இருக்கைகளில் நால்வரும் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள்.

ஹாரனின் பல் தந்தியடித்தது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. "மாமா, என் துடுப்பு போச்சு. நான் அவ்வளவுதான்னு நெனச்சேன். அக்கா என்ன பண்ணிச்சு தெரியுமா? தன் துடுப்பை எடுத்து என் கையில குடுத்துடுச்சு! எனக்குக் குடுத்துட்டு அது வெறுங்கையோட உக்காந்திருக்கு! யாரு செய்வா?"

வீட்டுக்காரர் பல்லக்காவைப் பார்த்தார். நாற்பதாவது மாடியில் நின்றுபோன லிஃப்ட்டைத் தான் ஓட்டிய கதையைச் சொல்லும்போது வருமே, அந்த முகம். "என் கயிறு?" என்று மட்டும் கேட்டார்.

"அறுத்துட்டேன்."

"நல்லது."

அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது. பல்லக்கா கோப்பைக்குள் பார்த்துக்கொண்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கட்டி இழுக்கக் கயிறே இல்லை, ஆகவே ஒப்பந்தம் முறியவில்லை. கேட்டால் சொல்லவேண்டிய பதிலை ஹாரனே சொல்லி முடித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், படகு அவளுடையது.

ஹாரன் அதோடு விட்டிருக்கலாம். "இனிமே எனக்குப் பயமே இல்ல. அடுத்த வாரம் கலங்கரை விளக்கைத் தாண்டிப் போலாம். அக்கா பக்கத்துல இருந்தா நான் கவுந்தாலும் அது இழுத்துட்டு வந்துடும். இல்லக்கா?"

"குடிடி, ஆறிடப்போகுது," என்றாள் பல்லக்கா.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் அடுப்படியில் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துக்கொண்டிருந்தார். பல்லக்கா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, படகை வித்துடலாம்."

"ஏன்? கயிறே இல்லையே."

"கயிறு இல்ல. ஆனா அவதான் இழுத்துட்டு வந்தா." வலக்கையைத் தூக்கிக் காட்டினாள். அது மார்பு உயரத்தில் நின்றுவிட்டது. "இதுக்கு மேல போகாது. துடுப்பை நான் தானம் பண்ணல. என்னால போட முடியல. நான் பக்கத்துல இருக்கேன்னு நம்பி அவ கலங்கரை விளக்கைத் தாண்டிடுவா. அங்க கவுந்தா யார் இழுக்கறது?"

அவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து, மெதுவாக உயர்த்திப் பார்த்தார். அவள் முகம் சுளித்த இடத்தில் உடனே நிறுத்தி, எடுத்த மாதிரியே இறக்கி வைத்தார்.

"எவ்வளவு நாளா?"

"குளிர் ஆரம்பிச்சதுல இருந்து."

"அப்போ அந்த வாடை ரசாயனம் இல்லையா?"

"தைலம்."

"அந்த வாடை போகணும்னு நான் உன் பட்டறைக்குக் காத்தாடி வேற மாட்டிக்குடுத்தேன்!"

பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, மற்ற இருவரையும் கூப்பிடச் சொன்னாள். சொல்வதை ஒரே தடவையாகச் சொல்லி முடிப்பது நல்லது.

வந்தார்கள். கேட்டார்கள். ஹாரன் பல்லக்காவின் வலக்கையை எட்டிப் பார்த்தாள். பிறகு, "நேத்து ராத்திரி எங்க வீட்டுல உனக்குச் சிலை வைக்காத குறைக்கா," என்றாள். "சரி விடு, கயித்தை அறுத்தது யாரு? என்னை ஏத்தினது யாரு? அதுவும் தோளு போனவதானே? சிலை இருக்கட்டும். உயரத்தை மட்டும் குறைச்சுக்கறேன்."

மாத்திரையின் முகம்தான் சிவந்துபோயிற்று. "தைலம் எங்க வாங்கினீங்க?"

"அது எதுக்கு இப்போ?"

"சொல்லுங்கக்கா."

"ஸ்டேஷன் பக்கத்துல."

"அவன்கிட்டயா! அவன் காலாவதியானதை எல்லாம் முன்வரிசையில அடுக்கறவன்க்கா! கடலுக்கு ஒண்ணா போறோம், ஒரே டப்பால சாப்பிடறோம், ஒரு தைலம் என்கிட்ட வாங்கக் கூடாதா? நான் அன்னியமா?" புயலை அவன் மன்னித்துவிட்டான், இதை மன்னிக்க நாளாகும் என்று தெரிந்தது. அந்த மனத்தாங்கலோடேயே, தோளுக்கு என்று தனியாகப் பார்க்கும் டாக்டரைத் தொலைபேசியில் பிடித்து, திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கிக் கொடுத்தான்.

படகு விஷயம் வீட்டுக்காரரிடம் வந்து நின்றது. அவர் வெளிச்சுவரைப் பார்த்தார், கீழும் மேலும் அளந்தார். பிறகு உள்ளேபோய்த் துளையிடும் இயந்திரத்தோடு வந்தார். சுவரில் தலைக்கு மேல் உயரத்தில் இரண்டு கனத்த கொக்கிகளை இறுக்கினார். இரண்டிலும் தனித்தனிக் கயிறு. ஒவ்வொன்றையும் தொங்கிப் பார்த்துச் சோதித்தார். ஹாரனும் மாத்திரையும் மஞ்சள் படகைத் தூக்கி மாட்டினார்கள்.

"விக்கல," என்றார். "ரெண்டு கையையும் தூக்கி, நீயே அதை இறக்கு. அன்னைக்குப் போ. யாரும் ஏணி குடுக்கக் கூடாது."

"இவ்வளவு உயரத்துலயா? கொஞ்சம் கீழே மாட்டினா என்ன?"

"பேரம் பேசாதே. ஒப்பந்தம் பண்றப்போ உனக்கு எப்பவும் வாய் நீளம்."

"அதுவரைக்கும் நாங்க கரையோரமாவே சுத்தறோம். ஆளுக்கொரு நங்கூரம்," என்றான் மாத்திரை.

"அப்போ நான் எப்படிப் பேசறது?" என்றாள் ஹாரன்.

"உன் குரலுக்கு நங்கூரம் ஒரு தடையா?"

பல்லக்கா சுவரை ஒட்டி நின்று, வலக்கை விரல்களைச் சுவரில் வைத்து நண்டுபோல மேலே நடக்கவிட்டாள். இடுப்பு, விலா, மார்பு. தோளுக்குச் சற்றுக் கீழே விரல்கள் நின்றுவிட்டன. வீட்டுக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். கோடு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ம்," என்றார். "இன்னொரு தரம் ஏத்து."